இரண்டாம் ஆண்டைத் தாண்டுமா டயட்?

பேலியோவா, இடைவெளி விரதமா, சிறுதானியமா? அம்பத்தூர் தொழிற்பேட்டை டீக்கடைகளிலும், ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதையிலும் ஓயாத விவாதம் இது. நியாண்டர் செல்வனின் எழுத்துகள் வழியே, மாவுச்சத்தைத் தவிர்க்கும் பேலியோ முறை தமிழர்களிடம் பரவியது. சோற்றை அறவே விட்டு மளமளவென இளைத்தவர்கள் நம் தெருவிலேயே உண்டு. இளைத்த எடை எத்தனை ஆண்டு நிற்கிறது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரிடம் ஓராண்டு நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோ இளைத்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 2009இல் வெளியான மற்றொரு ஆய்வில் 811 பேர் நான்கு வகை உணவுமுறைகளைப் பின்பற்றினார்கள். எந்த வகையானாலும், ஓராண்டுக்குப் பிறகு எடை மெல்ல ஏறியது. இதில் மன உறுதியைக் குறைசொல்லிப் பயனில்லை. எடை இறங்க இறங்கப் பசி கூடும். உடல் செலவிடும் ஆற்றலோ குறையும்.

ஆகவே, ஷிஃப்ட்டுக்கும் சம்பளத்துக்கும் ஒத்துவரும் முறையே நிலைக்கும். இரவு ஷிஃப்ட் முடித்து விடியற்காலையில் பூந்தமல்லி திரும்புகிறவரிடம் ‘மாலை ஆறுக்கு மேல் சாப்பிடாதே’ என்பது எத்தனை நாள் செல்லும்? முட்டையும் பாதாமுமாகத் தின்னும் முறை, நால்வர் உள்ள வீட்டில் எத்தனை மாதம் கட்டுப்படியாகும்?

அதற்காகச் சோறு குற்றமற்றது என்றாகிவிடாது. இந்தியர்கள் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்து என்கிறது ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) ஆய்வு. தெற்கே அதில் பெரும்பங்கு வெள்ளை அரிசி. மெஸ் சாப்பாட்டைப் பாருங்கள்: குவித்த சோறு, அதன்மேல் சாம்பார், ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல், ஓர் அப்பளம். சோற்றைப் பாதியாக்கி, பொரியலை இரட்டிப்பாக்கி, ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு முட்டையோ சேர்த்தால் போதும். இதற்கு டயட் என்று பெயர்கூட வேண்டாம். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு மாற்ற வேண்டும்.

தனி ஆளாக இதைத் தொடர்வது கடினம். இது தனியொருவர் சிக்கலும் அல்ல: தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை கொண்டவர்கள் என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21). சென்னையில் நீரிழிவின் விளிம்பில் இருந்த 578 பேரிடம் நடந்த ஆய்வில், குழு வகுப்புகளும் தேவைப்பட்டவர்களுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையும் மூன்றாண்டுகளில் நீரிழிவு வாய்ப்பை 32 சதவீதம் குறைத்தன. பெரிய ஆலைகளில் கேன்டீன் வைப்பது சட்டப்படி கட்டாயம். அந்த கேன்டீன்களில் அரைச்சோறும் சுண்டலும் கொண்ட தட்டு ஒன்றை, அதே விலைக்கு, நிர்வாகங்கள் நாளையே தொடங்கலாம். வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர்கள் இரத்த அழுத்தத்தோடு இடுப்பளவையும் குறிக்கட்டும்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை.