‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’: ஜவுளிக்கடை ரசீது சொல்வதும் சட்டம் சொல்வதும்

புதுதில்லி: பண்டிகைக் கால விற்பனை ஓய்ந்த அடுத்த சில வாரங்களில், நாடெங்கும் ஜவுளிக்கடைகளின் கல்லா முன்பு ஏறத்தாழ ஒரே வாக்குவாதம்தான் நடைபெறுகிறது. முதல் சலவையிலேயே சாயம் போன சட்டை, இரண்டு முறை உடுத்துவதற்குள் தையல் விட்ட சுரிதார், மடிப்பைப் பிரித்தபோது இழை அறுந்திருந்த சேலை ஆகியவற்றுடன் வாடிக்கையாளர் திரும்பி வருகிறார். கடைக்காரர் ரசீதின் கடைசி வரியைச் சுட்டிக்காட்டுகிறார். தமிழில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்றும், வட மாநிலங்களில் ‘பிகா ஹுவா மால் வாபஸ் நஹீ ஹோகா’ என்றும் அச்சிடப்படும் அந்த வரியைக் கண்டதும் பெரும்பாலானோர் பேச்சை நிறுத்திக்கொள்கின்றனர்.

ஆனால், குறைபாடுள்ள பொருளைப் பொருத்தவரை அந்த வரிக்குச் சட்ட வலிமை இல்லை. 2020 ஜூலை 20-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தனது 2(47) பிரிவில் நியாயமற்ற வணிக நடைமுறைகளைப் பட்டியலிடுகிறது. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்று, அதற்குச் செலுத்தப்பட்ட தொகையைத் திருப்பித் தர மறுப்பதும் அவற்றில் ஒன்று. ரசீதில் கால வரம்பு குறிப்பிடப்பட்டிருந்தால் அதற்குள்ளும், குறிப்பிடப்படாவிட்டால் 30 நாள்களுக்குள்ளும் கடை இதைச் செய்தாக வேண்டும். ‘திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற வாசகம் எந்தக் கால வரம்பையும் குறிப்பிடுவதில்லை. ஆகவே அத்தகைய ரசீதுக்கு 30 நாள் விதியே பொருந்தும் என்று வாதிட இடமுண்டு. இது புதிய பிரச்னையும் அல்ல. இத்தகைய வாசகத்தை அச்சிடுவதைத் தடுக்க வேண்டும் என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 1999-இலேயே மாநில அரசுகளைக் கேட்டுக்கொண்டது. கால் நூற்றாண்டு கடந்த பின்னரும் அவ்வரி ரசீதுகளில் நீடிப்பது, விதியை இயற்றுவதற்கும் அதை அமல்படுத்துவதற்கும் இடையே உள்ள தொலைவைக் காட்டுகிறது.

எது குறைபாடு, எது மனமாற்றம்?

இச்சட்டம் குறித்த தவறான புரிதல் வாடிக்கையாளர்களிடமும் உண்டு. நிறம் வீட்டில் பிடிக்கவில்லை, அளவு சற்றுப் பெரிதாகிவிட்டது, வேறு கடையில் விலை குறைவு என்பன போன்ற காரணங்களுக்காகத் துணியைத் திருப்பித் தரும் உரிமையைச் சட்டம் வழங்கவில்லை. அவ்வாறான தருணங்களில் கடை மாற்றித் தந்தால், அது அக்கடையின் வணிகக் கொள்கை மட்டுமே. தரம், அளவு, சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருந்திருக்க வேண்டிய நிலை ஆகியவற்றில் உள்ள பழுதையே சட்டம் குறைபாடு என்கிறது. பட்டு என்று கூறி விற்கப்பட்டதில் செயற்கை இழை கலந்திருந்தால், அதுவும் இவ்வரையறைக்குள் வரும்.

தள்ளுபடியில் வாங்கிய துணிக்கு இவ்வுரிமை கிடையாது என்று கடைகளில் சொல்லப்படுவதுண்டு. சட்டத்தில் அப்படியொரு விலக்கு இல்லை. குறிப்பிட்ட பழுதை முன்கூட்டியே தெரிவித்து, அதற்காகவே விலையைக் குறைத்து விற்றிருந்தால் நிலைமை வேறு. பின்னர் அதே பழுதைக் காரணம் காட்டிப் பணம் கேட்பது கடினம்.

பணத்துக்குப் பதிலாக ‘கிரெடிட் நோட்’ எனப்படும் வரவுச் சீட்டை அளிப்பது மற்றொரு வழக்கம். சட்டப் பிரிவு பேசுவது செலுத்திய தொகையைத் திருப்பித் தருவது பற்றியே. வாடிக்கையாளர் விரும்பி ஏற்றால் சிக்கலில்லை. அதைத் தவிர வேறு வழியே கிடையாது என்று கடை கூறுவதுதான் கேள்விக்குரியது.

இன்னொரு நுணுக்கம் பலருக்கும் தெரிவதில்லை. திருமணத்துக்கென வாங்கி, இரண்டு மாதங்கள் பீரோவில் வைத்திருந்து பிரித்தபோது சேலையில் பழுது தெரிந்தால், 30 நாள் கடந்துவிட்டதே என்று ஒதுங்க வேண்டியதில்லை. அந்த வரம்பு, திரும்பப் பெற மறுப்பதை நியாயமற்ற நடைமுறையாகக் கருதுவதற்கானது. பொருளின் குறைபாட்டுக்காகத் தனியே புகார் அளிக்க, புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு. பழுதை நீக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, விலையைத் திருப்பித் தரவோ, இழப்பீடு வழங்கவோ உத்தரவிட ஆணையத்துக்கு 39-ஆவது பிரிவு அதிகாரம் அளிக்கிறது.

நிரூபிப்பதுதான் சிக்கல்

‘வெந்நீரில் துவைத்திருப்பீர்கள்’ என்ற கடைக்காரரின் ஒற்றை வாக்கியத்தில் பல புகார்கள் நின்றுவிடுகின்றன. பரிசோதனையின்றிக் குறைபாட்டைத் தீர்மானிக்க இயலாது எனில், மாவட்ட ஆணையம் பொருளின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். 45 நாள்களுக்குள் அறிக்கை கோரலாம். அதற்கான கட்டணத்தைப் புகார்தாரரே முன்கூட்டிச் செலுத்த நேரிடலாம். காஞ்சிபுரம் பட்டுக்கோ பனாரஸ் சேலைக்கோ இது தகும். 800 ரூபாய் சட்டைக்கு யார் இவ்வளவு தூரம் செல்வார்? கடைகளின் துணிச்சலுக்கு இக்கணக்கே அடிப்படை.

ஆதலால் ஆரம்பத்திலேயே திரட்டப்படும் ஆதாரங்கள் முக்கியத்துவம் பெறுகின்றன. பழுதின் படம், வெட்டப்படாத விலைச்சீட்டு, சலவைக் குறிப்பு அச்சிடப்பட்ட துண்டு ஆகியவை பின்னர் பேசும். வெப்பத்தாளில் அச்சாகும் ரசீது சில மாதங்களில் வெளிறிப்போகும் என்பதால், அன்றே அதைப் படமெடுத்து வைப்பது பயனளிக்கும். ரசீதே தர மறுப்பதும் சட்டப்படி நியாயமற்ற நடைமுறைதான்.

செலவைக் குறைக்கச் சட்டம் சில வழிகளை வைத்துள்ளது. 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருள் குறித்த புகாருக்கு ஆணையத்தில் கட்டணம் இல்லை. வழக்குரைஞர் கட்டாயமில்லை. கடை இருக்கும் ஊருக்குச் செல்லாமல், புகார்தாரர் வசிக்கும் அல்லது பணிபுரியும் இடத்திலேயே புகார் அளிக்கலாம். சூரத்தில் வாங்கிய சேலைக்குச் சென்னையில் வழக்குத் தொடுக்கலாம். அதற்கு முன்பாக, தமிழ் உள்பட 17 மொழிகளில் இயங்கும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அணுகலாம். அது சமரச முயற்சியே தவிர, தீர்ப்பு வழங்கும் அமைப்பு அல்ல.

தனிநபர் புகார்களால் ரசீதின் வாசகம் மாறப்போவதில்லை. நுகர்வோர்களை ஒரு வகுப்பாகக் கருதிச் செயல்பட, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு இதே சட்டம் அதிகாரம் தந்துள்ளது. உணவகங்களின் சேவைக் கட்டணம் தொடர்பாக 2022 ஜூலையில் அது வெளியிட்ட வழிகாட்டுதல்களை, தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்தது. உணவக ரசீதுக்குக் காட்டிய அக்கறை ஜவுளி ரசீதுக்கும் பொருந்தாமல் போகக் காரணமில்லை.

இணையத்தில் வாங்குவோர்

இணைய வணிகத்தில் விதி சற்றுத் தெளிவானது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பழுதான அல்லது போலியான பொருளை மட்டுமன்றி, விளம்பரத்தில் காட்டியதற்கு மாறான பொருளையும் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. நிறுவனத்தின் குறைதீர் அலுவலர், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். எனினும், திரும்பப் பெறும் கடமையை விதிகள் விற்பனையாளர் மீதே சுமத்துகின்றன. பிறரது பொருள்களுக்குச் சந்தைத் தளமாக மட்டும் இயங்கும் நிறுவனம், திருப்பியளித்தல் குறித்த விவரங்களையும் விற்பனையாளரின் பெயர், முகவரியையும் வெளியிடக் கடமைப்பட்டது. ஆகவே, ஆணையத்தை நாடுவோர் தளத்துடன் நின்றுவிடாமல், ரசீதில் சிறிய எழுத்தில் காணப்படும் விற்பனையாளரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது அவசியமாகிறது.