பெயர் மறைத்தல்: மிகுபுனைவை ஒதுக்குவோர்க்கு ஒரு புதினம்

மிகுபுனைவு சிறார்க்குரிய பொழுதுபோக்கு எனக் கருதி அவ்வகையை வாசிப்பிலிருந்தே விலக்கும் தமிழாய்வாளர் பலர். இதனை மறுக்கக் காப்பிய அற்புதங்களைச் சான்று காட்டும் வாதம் வலுவற்றது. கண்ணகி மதுரையை எரித்த கதையைக் கேட்டோர் அதனைக் கற்பனை விளையாட்டாகக் கொண்டிருக்கமாட்டார். பொதுவாதத்தினும் ஒரு நூலைச் சுட்டுதலே பயன்தரும். அர்சுலா கே. லெ குவின் 1968இல் வெளியிட்ட ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’ அத்தகைய நூல்.

தீவுக்கூட்டம் அதன் களம். அங்கு ஒவ்வொரு பொருளுக்கும் ஆதிமொழியில் உண்மைப் பெயர் ஒன்றுண்டு. அதனை அறிந்தவரே அப்பொருளை ஆள இயலும். எனவே மந்திரக் கல்வியின் ஒரு பெரும்பகுதி சொற்பட்டியல்களை மனனம் செய்தலாகவே அமைகிறது. ஒதுக்குப்புறக் கோபுரத்தில் மாணவர் பெயர்களை நாள்தோறும் கற்கும் பகுதி நிகண்டு பயின்றோர்க்கு அயலாகத் தோன்றாது. மக்களும் தம் உண்மைப் பெயரை மறைத்து வழக்குப் பெயரால் வாழ்கின்றனர். நாயகன் கெட், செருக்கினால் ஒரு நிழலை உலகிற்குள் விட்டுவிடுகிறான். பெயரற்றதாகத் தோன்றும் அதனை அடக்க வழி தெரியவில்லை. நாணத்தால் ஒடுங்கிக் கிடக்கும் அவனிடம் நண்பன் வெட்ச் தன் உண்மைப் பெயரைச் சொல்கிறான். தன்னை அழிக்கவல்ல ஆற்றலை நண்பன் கையில் ஒப்படைக்கும் செயல் அது. எந்த மாயக்காட்சியினும் அவ்விடமே நெஞ்சில் நிற்கிறது.

அகப்பாடலிலும் தலைமக்கள் பெயர் சுட்டப்பெறுவதில்லை. வேம்பு என்னும் ஓர் அடையாளமே நெடுநல்வாடையைப் புறமெனக் கொள்ள நச்சினார்க்கினியர்க்குப் போதுமானதாயிற்று. ஆயின் அங்குப் பெயர் மறைவது உணர்வு பொதுமையாவதற்கு. இங்கோ தனிமனிதரைக் காப்பதற்கு. இவ்வேறுபாடு தனியே ஆராயத்தக்கது.

லெ குவினின் தந்தை, மானிடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபர். யாகி இனத்தில் எஞ்சியவராக 1911இல் கலிபோர்னியாவில் வெளிப்பட்ட மனிதர் ஒருவருக்கு அவர் இட்ட பெயர் ‘இஷி’. ‘மனிதன்’ என்பது அதன் பொருள். தம் சொந்தப் பெயரை எவரிடமும் கூறாமலே அம்மனிதர் 1916இல் மறைந்தார். அவர் வரலாற்றை 1961இல் நூலாக்கியவர் லெ குவினின் தாய் தியடோரா. இதனைப் புதினத்தின் நேர்மூலமாகக் கொள்வது மிகை. எனினும் பெயர்மறைப்பு வெறும் கதை உத்தியன்று என்பதை உணர இச்செய்தி உதவும்.

குறையும் உண்டு. பெண்களின் மந்திரம் இந்நூலில் தாழ்ந்ததாகவே பேசப்படுகிறது. அந்நோக்கை ஆசிரியரே 1990இல் ‘டெஹானு’வில் மறுபரிசீலனை செய்தார். பெண்ணிய நோக்கில் பயில்வோர் இரண்டையும் சேர்த்து வாசித்தல் நன்று.