கோவை கோட்டைமேடு, உக்கடம் பகுதி மக்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்: பகுதி குடியிருப்போர், சிறுவணிகர் நலச் சங்கத்தினர்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர், மாநகரக் காவல் ஆணையர், மாநகராட்சி ஆணையர், கோயம்புத்தூர்.

பொருள்: நிலையான அமைதிக் குழு, விசாரணை நடைமுறை, முகவரியால் நேரும் புறக்கணிப்பு – தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

1997 நவம்பர் 29 அன்று போக்குவரத்துக் காவலர் கொல்லப்பட்டதும், அதையடுத்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் உயிரிழந்ததும், 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் மாண்டதும் தாங்கள் அறிந்ததே. இவற்றில் ஒன்றைக் காட்டி மற்றொன்றை நியாயப்படுத்த எங்கள் சங்கத்தில் எவருக்கும் இடமில்லை. இரு மதத்தாரும் இம்மனுவில் கையெழுத்திட்டிருக்கிறோம்.

2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தைய நாள் அதிகாலை, கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பு கார் வெடித்தபோது பழைய நாட்கள் திரும்பிவிடுமோ என்று நடுங்கிப்போனோம். அப்படி நடக்கவில்லை. பின்னர் ஜமாத்தார் கோயிலுக்கே சென்று அர்ச்சகர்களைச் சந்தித்துப் பேசினார்கள். மக்களாகவே செய்த இந்த நல்ல காரியத்துக்கு அரசு நிலையான வடிவம் தர வேண்டும் என்பதே எங்கள் முதன்மைக் கோரிக்கை. அமைதிக் குழு பதற்றம் வந்த பிறகு கூடிப் பயனில்லை. மாதந்தோறும் கூட வேண்டும். பெண்கள், நடைபாதை வியாபாரிகள், ஆட்டோ ஓட்டுநர்கள் அதில் இடம்பெற வேண்டும். வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பினால் நள்ளிரவிலும் உண்மை கேட்டறிய ஓர் அதிகாரியின் எண் எங்களிடம் இருக்க வேண்டும்.

இத்தகைய சம்பவங்கள் குறித்த காவல்துறை விசாரணையை நாங்கள் எதிர்க்கவில்லை. குற்றவாளி எவராயினும் தண்டிக்கப்படட்டும். ஆனால் சாட்சியாக அழைக்கப்படும் பெண்களையும் 60 வயது கடந்தவர்களையும் அவர்கள் வசிப்பிடத்திலேயே விசாரிக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு. அது இங்கே தவறாமல் பின்பற்றப்பட வேண்டும்.

எங்களை அன்றாடம் வாட்டுவது முகவரிதான். வேறு பகுதியில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், அட்வான்ஸ் வரை பேசி முடித்தவர்கள்கூட ஆதார் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் கோட்டைமேடு என்று பார்த்ததும் “வீட்டில் கேட்டுச் சொல்கிறோம்” என்கிறார்கள். பிறகு போனை எடுப்பதில்லை. தொழிற்கடன் கேட்கும் பிள்ளைகளுக்கும் இதே கதி. 1998-இல் பிறந்திராத பிள்ளைகள் இவர்கள். எனவே கடன் விண்ணப்பங்களை இப்பகுதியிலேயே சிறப்பு முகாம் நடத்திப் பெறவும், மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தரவும் ஆட்சியர் உத்தரவிட வேண்டும். தெருவிளக்கு, சாக்கடைப் பணிகளையும் மாநகராட்சி உடனே கவனிக்க வேண்டும்.

மூன்று துறைகளும் எங்களை ஒரே மேசையில் அழைத்துப் பேசி, எழுத்து மூலம் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்.