கதிரவன் எதனால் ஆனது?

பெசன்ட் நகர்க் கடற்கரையில் வைகறையில் உலாவச் செல்வோர், கடலினின்று எழும் கதிரவனை நாள்தோறும் காண்கின்றனர். ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் எரியும் அப்பொருள் எதனால் ஆனது? ஒரு பிடி அள்ளிவந்து சோதிக்க நம்மால் இயலுமோ? வான்பொருள்களின் இரசாயன அமைப்பை மனிதன் ஒருபோதும் அறிய முடியாதென 1835-இல் பிரெஞ்சு மெய்யியலார் ஒகுஸ்ட் கோம்த் எழுதினார்.

ஆயினும், ஒளியே நமக்குத் தூதாக வந்தது. உப்பிட்ட உலைநீர் பொங்கி வழியும்போது, எரிவாயு அடுப்பின் நீலச்சுடர் மஞ்சளாவதை நம் இல்லங்களில் காண்கிறோம். அது உப்பிலுள்ள சோடியத்தின் அடையாளம். இவ்வாறே ஒவ்வொரு தனிமத்திற்கும் அதற்கே உரிய நிறக்கோடுகள் உண்டு. அவற்றைக் கொண்டு கதிரவனின் ஒளியையும் படிக்கலாம் என்பதை 1859-இல் ஜெர்மானியர் கிர்க்காஃப் உணர்த்தினார்.

1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, நுங்கம்பாக்கத்தில் அந்நாளில் இயங்கிய சென்னை வானாய்வுக் கூடத்தின் தலைவர் போக்சன் மசூலிப்பட்டினத்திலும், பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் குண்டூரிலும், கதிரவனின் விளிம்பில் எழும் செந்தழல்களை ஆராய்ந்தனர். அவற்றின் ஒளியில் மஞ்சள் கோடொன்று இருந்தது. அது சோடியத்தின் கோடன்று என்பதை அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் லாக்கியர் கண்டார். கதிரவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று அப்புதிய தனிமம் ஹீலியம் எனப் பெயர் பெற்றது. 1895-இல் ராம்சே அதனைப் பூமியிலேயே ஒரு கனிமத்தினின்று பிரித்தெடுத்த பின்னரே ஐயம் அகன்றது.

எனினும், பூமியில் உள்ள பொருள்களே கதிரவனிலும் ஏறத்தாழ அதே அளவில் உள்ளன என்று அறிஞர் பலர் கருதினர். கோடுகளின் வலிமை பொருளின் அளவை மட்டுமன்றி வெப்பநிலையையும் பொறுத்தது என 1920-இல் நம் நாட்டு மேகநாத் சாகா விளக்கினார். அவர் வகுத்த சமன்பாட்டைக் கொண்டு, விண்மீன்களில் ஹைட்ரஜனே மிகுதி என 1925-இல் செசிலியா பெய்ன் என்னும் இளம் பெண் கணக்கிட்டார். அன்றைய பேரறிஞர் ஹென்றி ரஸ்ஸல் அதனை ஏற்கவில்லை. ஆகவே, தாம் கண்ட முடிவு மெய்யாக இராது என்று தம் ஆய்வேட்டிலேயே எழுதும் நிலை அப்பெண்ணுக்கு நேர்ந்தது. 1929-இல் ரஸ்ஸலும் தம் சொந்த ஆய்வில் அதே முடிவுக்கு வந்தார்.

கதிரவனின் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஹைட்ரஜன். கால் பங்கு ஹீலியம். இரும்பு, கரி, உயிர்வளி முதலிய ஏனைய யாவும் இரண்டு விழுக்காட்டிற்கும் குறைவே.

நம் பிள்ளைகள் எதையேனும் கணக்கிட்டு வந்து கூறினால், "உனக்கென்ன தெரியும்?" என்று வாயடைக்க வேண்டாம். அவர்களோடு அமர்ந்து, அக்கணக்கை மீண்டும் ஒருமுறை போட்டுப் பார்ப்போமாக!