கம்பி கட்டிய பற்களும் மிஸ்வாக்கின் நோக்கமும்

பல் வரிசை சீராக வேண்டுமென்று பிள்ளைகளுக்குக் கம்பி கட்டுகிறோம். பெருந்தொகை செலவழித்து, ஒன்றரை இரண்டு ஆண்டுகள் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். இறுதியில் கம்பியைக் கழற்றும் நாளில், சில பிள்ளைகளின் பற்களில் சுண்ணாம்பு தொட்டு வைத்தாற்போல் வெண்புள்ளிகள் தெரிகின்றன. வரிசை நேராகிவிட்டது, பல்லோ பழுதாகிவிட்டது. இதற்குக் காரணம் கம்பியன்று. அதைச் சுற்றி அன்றாடம் நீக்கப்படாமல் விடப்பட்ட படலமே.

பல்லின்மேல் ஒட்டிப் படியும் அப்படலத்தில் கிருமிகள் பெருகுகின்றன. நாம் உண்ணும் இனிப்பை அவை அமிலமாக்க, அந்த அமிலம் பல்லின் எனாமலை அரிக்கிறது. கம்பி கட்டியபின் படலம் ஒதுங்கும் மூலைகள் பெருகிவிடுகின்றன. கவனியாது விட்டால் ஒரே மாதத்தில்கூட வெண்புள்ளி தோன்றலாம். படலம் இறுகிக் காரையாகிவிட்டால் பல் மருத்துவர்தான் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

“மிஸ்வாக் செய்கிறோமே, அது போதாதா?” என்று கேட்போர் நம்மிடையே உண்டு. சமுதாயத்திற்குச் சிரமமாகிவிடும் என்று கருதியிராவிட்டால், ஒவ்வொரு தொழுகையின்போதும் பல் துலக்குவதை நபி (ஸல்) அவர்கள் கட்டாயமாக்கியிருப்பார்கள் என்னும் கருத்துடைய ஹதீஸ் புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளது. வாய்த்தூய்மைக்கு அவர்கள் அளித்த முதன்மை அத்தகையது. ஆனால் மிஸ்வாக் குச்சி பல்லின் முகப்பைத் தேய்க்குமேயன்றிக் கம்பிக்கு அடியில் நுழையாது. அழுத்தித் தேய்த்தால் பல்லில் ஒட்டிய பிராக்கெட் பெயர்ந்துவிடவும் கூடும். மிஸ்வாக்கைக் கைவிடுமாறு நான் கூறவில்லை. உளூவின்போது மென்மையாகப் பயன்படுத்தட்டும். எனினும் அதனோடு நிறுத்திக்கொள்வது, சுன்னத்தின் வடிவைப் பற்றிக்கொண்டு அதன் நோக்கத்தை நழுவவிடுவதாகும் என்பதே என் கருத்து.

செய்ய வேண்டியது கடினமானதன்று. மென்மையான பிரஷ்ஷில் ஃப்ளோரைடு கலந்த பற்பசையை இட்டு, முதலில் ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் சாய்த்துத் துலக்க வேண்டும். பின்னர் பிராக்கெட்டின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் தனித்தனியே துலக்க வேண்டும். பல்லிடுக்குகளுக்கென விற்கப்படும் சிறு பிரஷ்ஷைக் கம்பிக்கு அடியில் நுழைத்து ஒவ்வோர் இடுக்கையும் தூய்மை செய்ய வேண்டும். ஈற்றில் இரத்தம் கசிந்தால் அஞ்சித் துலக்குவதை நிறுத்திவிடலாகாது. பெரும்பாலும் அது அங்கே படலம் தங்கியிருப்பதன் அடையாளமே. மென்மையாகத் தொடர்ந்து துலக்க வேண்டும்; கசிவு நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ரமளானில் கூடுதல் கவனம் தேவை. நோன்பு திறக்கும் பேரீச்சம்பழம் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். உடனே வாயை நன்கு கொப்பளிக்கச் செய்யுங்கள். இரவு உறங்குமுன் முழுமையாகத் துலக்க வேண்டும். ஸஹர் உணவை ஃபஜ்ர் பாங்குக்குச் சற்று முன்னதாகவே முடித்தால், பற்பசையிட்டுத் துலக்கவும் நேரம் கிடைக்கும்.

பெற்றோர்களே, உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். மருத்துவருக்குப் பணம் செலுத்தியதோடு நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. இஷா தொழுகைக்குப்பின் பிள்ளையை விளக்கொளியில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி ஒரு நிமிடம் பாருங்கள். அந்த ஒரு நிமிடம், இரண்டாண்டு உழைப்பை இன்ஷா அல்லாஹ் வீணாகாமல் காக்கும்.