டென்னிஸ் எல்போ: வலி குறைஞ்சா குணமாயிடுச்சா?

"ஊசி போட்டதும் வலி போயிடுச்சு டாக்டர்!" முழங்கை வலிக்காரர்கள் அடிக்கடி சொல்வது இது. அதை மட்டும் வைத்து சிகிச்சை வெற்றின்னு முடிவு கட்டக் கூடாதுங்க.

ஸ்டீராய்டு ஊசி முதல் சில வாரங்களுக்கு நல்லாவே கேட்கும். ஆனா ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஸ்டீராய்டு போடாதவர்களை விடப் போட்டவர்கள் நிலைமைதான் மோசம் என்று 2006, 2013-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டின.

அப்போ எதை அளக்கணும்? வலி தொடங்கும் முன் எவ்வளவு இறுக்கிப் பிடிக்க முடிகிறது என்பதை. கூடவே அன்றாட வேலைகளை: துணி பிழிவது, பை தூக்குவது, பாட்டில் மூடி திறப்பது. ஒவ்வொன்றிலும் வலி 10-க்கு எவ்வளவு?

வாரம் ஒருமுறை காலண்டரில் குறிச்சு வைங்க. அடுத்த ஊசி வேணுமா என்பதை அந்தக் கணக்கைப் பார்த்து உங்க டாக்டரோட பேசி முடிவு பண்ணுங்க.