ஆணி அறைந்த உடைவாள்

போர்க்கள வெற்றியே வரலாறு என எண்ணுவோர், கி. பி. 66இல் உரோமாபுரியில் நடந்த முடிசூட்டு விழாவை வெறுங்கூத்து என இகழ்வர். பார்த்தியப் பேரரசன் வொலோகேசஸின் தம்பியாகிய திரிடேற்றீஸ், ஒன்பது மாதம் தரைவழி வந்து, நீரோ மன்னன்முன் மண்டியிட்டு ஆர்மீனியாவின் முடியைப் பெற்றான். விழாச் செலவோ அளவிறந்தது. ஆயினும் அவ்விகழ்ச்சி எமக்கு உடன்பாடன்று.

அக்கூத்துக்கு முன் சிந்திய குருதியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கி. மு. 53இல் காரே என்னுமிடத்தில் பார்த்தியரோடு பொருத கிராசஸ், தன்னுயிரோடு ஏறத்தாழ 20,000 வீரரையும் பலிகொடுத்தான். கி. மு. 36இல் படையெடுத்த அந்தோனியும் பேரிழப்புடன் மீண்டான். காரேயில் பறிபோன படைச் சின்னங்களைக் கி. மு. 20இல் அகஸ்தஸ் பெற்றது போரினாலன்று, பேச்சினால். ஆயினும் அவன் வெளியிட்ட நாணயங்களிலே பார்த்தியன் மண்டியிட்டு நிற்கிறான்! உள்ளூர்ப் பெருமைக்கு அது வேண்டியிருந்தது போலும்.

பின்னர் ஆர்மீனியாவை ஆளும் உரிமை பற்றி மீண்டும் போர் மூண்டது. உரோமத் தளபதி கோர்புலோ அந்நாட்டின் தலைநகரான ஆர்ட்டக்சாட்டாவை எரித்தான். கி. பி. 62இல் ராண்டேயாவில் மற்றோர் உரோமப் படை பார்த்தியருக்குப் பணிந்தது. இரு தரப்பும் களைத்த பின்னரே, 63இல் அதே ராண்டேயாவில் இணக்கம் பிறந்தது. அரசனைத் தருவது பார்த்தியா; முடியைச் சூட்டுவது உரோம்.

நீரோவைக் காணச் சென்ற திரிடேற்றீஸிடம் உடைவாளைக் களையுமாறு கூறினர். அவன் இணங்கவில்லை, வாளை உறையோடு சேர்த்து ஆணி அறைந்துகொண்டான் என்கிறார் வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ. அவன் மானமும் குன்றவில்லை; மன்னனுக்கு அச்சமும் இல்லை. அரசதந்திரம் என்பது இதுவன்றோ!

ஆர்மீனிய மக்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை என்பது இவ்வுடன்பாட்டின் பெருங்குறை, அதனை மறைப்பதற்கில்லை. எனினும், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இரு பேரரசுகளுக்குமிடையே பெரும்போர் நிகழவில்லை. 114இல் திராஜன் அவ்வுடன்பாட்டை உதறி ஆர்மீனியாவைக் கைப்பற்றினான். 117இல் அவன் இறந்ததும், அவன்பின் வந்த ஹேட்ரியன் அந்நாட்டைக் கைவிட்டான். வாள் வென்றது ஏறத்தாழ மூன்றாண்டே நிலைத்தது. கூத்தெனப்பட்டதோ ஒரு தலைமுறைக்கு மேல் உயிர்களைக் காத்தது.

எதிரிக்கும் முகம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளாதவன் சமாதானம் செய்ய இயலாது. அதற்கு ஒரு விழாவும் சில ஆணிகளும் விலையாயின், அவ்விலை மலிவே.